அடையாற்றுக்கு வந்த பேராயர்

வெளிநாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்குக் கொஞ்சமாவது தைரியம் வந்திருக்கும் என்று நாகர்கோவிலில் என் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். நான் லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். நாய் குரைத்தால் தெரு மாறுவேன். வேளை கெட்ட வேளையில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி அழத் தொடங்கிவிடுவேன்.

நான் பார்க்கும் வேலையும் பயந்தவர்களுக்கென்றே ஏற்பட்ட வேலைதான். கிழக்கு ஜெர்மனியின் ஒரு சிறிய ஊரில், ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் நம் ஊர்க்காரர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். அவர் சொன்னதை இவரிடம் சொல்ல வேண்டும், இவர் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கவும் கூடாது. மற்றபடி சொன்னவர் பாடு, கேட்டவர் பாடு.

இந்த முறை எங்கள் ஊர்த் திருச்சபை சென்னைக்கு ஒரு நட்புப் பயணம் வைத்து, துணைக்கு என்னை அனுப்பியது. சென்னை எனக்கு வெளிநாடுதான். விமானத்தில் இறங்கி எழும்பூர் போய் நாகர்கோவில் ரயிலைப் பிடிப்பேன். அந்த ஊரோடு என் உறவு அவ்வளவே.

கூட வந்தவர்கள் இருவர். உர்சுலா, குட்டையான, கண்டிப்பான பெண்மணி. எங்கள் வட்டாரத்துப் போதகர்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான். டோர்ஸ்டன், ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. பாதி வாழ்நாள் ரயில் ஓட்டிவிட்டு, அதை விட்டுப் போதகர் வேலைக்குப் படிக்க வந்தவர். இருவரும் பள்ளியில் ரஷ்ய மொழி படித்த தலைமுறை. ஆங்கிலம் குட் மார்னிங்கோடு முடிந்துவிடும்.

புறப்படும் முன்பே அடையாற்றுச் சபையின் செயலாளர் தேவசகாயம், விருந்தாளிகளின் பதவியை ஆங்கிலத்தில் எழுதி, போட்டோவோடு அனுப்பச் சொல்லியிருந்தார். கேட்பது சுலபம். உர்சுலாவின் பதவிக்கு எங்கள் பக்கத்தில் சூப்பரின்டெண்டென்ட் என்று பெயர். அதே நாற்காலி ஜெர்மனியின் தெற்கே போனால் டேக்கான், வடக்கே போனால் ப்ரோப்ஸ்ட். ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் முதலாமவர் ஹாஸ்டல் நடத்துவார், இரண்டாமவர் ‘டீன்’ ஆகிக் காலேஜ் நடத்துவார். ஆகவே, ‘வட்டாரப் போதகர்களின் தலைவி, ஏறக்குறையப் பேராயருக்கு அடுத்த நிலை’ என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதினேன்.

டோர்ஸ்டன் ஒரு விக்கார். படிப்பை முடித்துவிட்டு, மூத்த போதகர் ஒருவருக்குக் கீழே வேலை பழகுகிறவரை அங்கே அப்படி அழைப்பார்கள். அவர் இன்னும் குருப்பட்டம் பெறாதவர். ஆங்கில விக்கரோ முழுப் போதகர். அந்தக் குழியில் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, ‘ட்ரெய்னி பாஸ்டர், இன்னும் பட்டமேற்கவில்லை’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டு அனுப்பினேன். வாழ்க்கையில் இதைவிடக் கவனமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அடையாற்றில் சபை வாசலில் வண்டி நின்றதும் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன்.

மாடி உயரத்துக்கு டோர்ஸ்டன் நின்றார். தாடிக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. ‘பேராயர் அவர்களே வருக வருக’ என்று கீழே எழுதியிருந்தது. ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் உர்சுலா. அவருக்குக் கீழே ‘பேராயரம்மா’. நம் சபைகளில் பேராயரின் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள்.

“என்ன எழுதியிருக்கிறது?” என்று உர்சுலா கேட்டார்.

“உங்களை வரவேற்கிறார்களாம்” என்றேன். பயணத்தில் நான் குறைத்த முதல் வார்த்தைகள் அவை.

தேவசகாயம் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வெள்ளை சஃபாரி, கையில் சால்வை, வாயெல்லாம் பல். அவரை ஓரமாக இழுத்துப்போய், “நான் எழுதினது கெடைக்கலியா?” என்று கேட்டேன்.

“கெடைக்காம என்ன சிஸ்டர்! படிச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இத்தனை பெரிய மனுஷன் தன்னைப் போய் ட்ரெய்னின்னு சொல்லிக்கிறாரே, என்ன தாழ்மை! நம்ம பேராயர்கூட லெட்டர்ல ‘பாத்திரமற்ற ஊழியன்’னுதான் கையெழுத்துப் போடுவார். அதுக்காக ஃப்ளெக்ஸ்ல பாத்திரமற்ற ஊழியன்னா அடிப்போம்?”

“அந்த அம்மா…”

“வட்டாரத் தலைவின்னு எழுதியிருந்தீங்களே. இங்கயும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பேராயரம்மாதான் தலைவி. நாங்க புரிஞ்சுக்குவோம் சிஸ்டர்.”

அதற்குள் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பூப் போட்டார்கள். டோர்ஸ்டனுக்கு ஜரிகைச் சால்வை, உர்சுலாவுக்குப் பூங்கொத்து. இத்தனை பேர் முன்னால் தேவசகாயத்தை எப்படிச் சிறுமைப்படுத்துவது? நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் கை தட்டினேன்.

ராஜா அண்ணாமலைபுரத்து விருந்தினர் விடுதியில் அடுத்த அடி. பேராயருக்கும் பேராயரம்மாவுக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், அதன்மேல் ரோஜா இதழ்கள். உர்சுலா கட்டிலைப் பார்த்தார், டோர்ஸ்டனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இது டோர்ஸ்டன் அறை. உங்களுக்கு என் அறை” என்று உர்சுலாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் வரவேற்பறை சோபாவில் கொசுக்களுக்கு விருந்தானேன்.

மறுநாள் காலை என்னை எழுப்பியவர் எலிசா. விடுதியில் சமைப்பவர். என் வயதுதான் இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு வேகம்.

“இன்னா மேடம், ரூமு இல்லாத மாறி இங்க படுத்துக்கினு கீறீங்க? எழுந்திருங்க, நாஷ்டா ரெடி.”

பொங்கலும் வடையும். வடகறி ஒரு கிண்ணத்தில் தனியாக. ஜெர்மன் வயிறுகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம் என்று நான் மனதுக்குள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது டோர்ஸ்டன் மூன்றாவது முறை பொங்கல் வாங்கினார். எலிசாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பிஷப் ஐயா நல்லா துன்றாரு. மனுசன்னா இப்டி இருக்கணும்.”

சனிக்கிழமை தன் மகள் ஜெனிக்குக் கல்யாணம் என்றும் இதே சபையில்தான் என்றும் சொல்லி, எங்கள் மூவருக்கும் பத்திரிகை வைத்தார். மாப்பிள்ளை பிரபு, வடபழனியில் சினிமா லைட்மேன்.

அன்று மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் போனோம். ஆட்டோவில் போகலாம் என்றவர் டோர்ஸ்டன். ஜெர்மனியில் எங்கள் ஊர் பஸ் வளைவில் திரும்பும்போதே கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள் நான். இங்கே ஆட்டோக்காரர் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, தண்ணீர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எங்களை நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

“பயப்படாத மேடம், நம்ம வண்டி நூல் புட்ச்ச மாறி போவும்” என்றார். “பெர்சு இன்னா, சாமியாரா?”

“இல்லப்பா, ட்ரெய்ன் ஓட்டினவரு.”

“அட நைனா! நம்ம ஆளு!” என்று அவர் முழுதாகத் திரும்பி டோர்ஸ்டனுக்குக் கை கொடுத்தார். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் டோர்ஸ்டனைப் பற்றிப் பயப்படாமல் நான் ஒரு உண்மையைச் சொன்னது அந்த ஆட்டோவுக்குள் மட்டும்தான்.

மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. எதிர் பெஞ்சில் வயதான தம்பதி. டோர்ஸ்டன் வத்தக்குழம்பை ஸ்பூனால் சூப் மாதிரி குடிப்பதை அந்த மாமி வாய் பிளந்து பார்த்தார். “ஏன்னா, அவருக்கு யாராவது சொல்லப்டாதோ? சாதத்துல பிசைஞ்சுண்டு சாப்பிடணும்னு?” என்று கணவரிடம் கேட்டார். “கூட வந்திருக்காளே, அவ சொல்லட்டும். நமக்கென்ன?” என்றார் மாமா. நான் சொல்லவில்லை. குடித்து முடிக்கப்போகிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி எப்போதும் அந்த வழியில்தான் போகும்.

தி.நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் டோர்ஸ்டன் காணாமல் போனார். ஆறடித் தாடிக்காரர் ஒருவர் காணாமல் போக முடியும் என்று அந்தத் தெருவைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். உர்சுலாவை ஒரு பாத்திரக் கடைப் படியில் நிறுத்திவிட்டுத் தேடினேன். மிதிபட்டிருப்பாரோ, பாஸ்போர்ட் போயிருக்குமோ, அவர் மனைவிக்கு எப்படிப் போன் செய்வது, முதல் வாக்கியம் என்ன. கடைசியில் தெருக்கோடி மாம்பலம் ஸ்டேஷனில் அகப்பட்டார். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, மின்சார ரயில்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு அழகாக நிறுத்துகிறார்கள்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். “எனக்குப் பயம் வந்தால் ரயிலைப் பார்ப்பேன். இலையுதிர் காலத்தில் பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறேன். இங்கே எல்லோரும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒரு விக்காருக்கு இவ்வளவு மரியாதை தரும் ஊரை நான் பார்த்ததே இல்லை.”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தேவசகாயம்.

“சிஸ்டர், நம்ம பாஸ்டருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. ஆனா கர்த்தர் ஒரு வாசலை அடைச்சா இன்னொண்ணைத் தெறப்பார். சனிக்கிழமை ஜெனி கல்யாணத்தைப் பேராயரே நடத்தி வைக்கட்டும். அவர் கிட்ட சொல்லிடுங்க.”

ரயில் ஒன்று இரைச்சலோடு வந்து நின்றது. குருப்பட்டம் பெறாத ஒருவர் நடத்தி வைக்கும் கல்யாணம் சபையிலும் செல்லாது, சட்டத்திலும் செல்லாது. அது எனக்குத் தெரியும். டோர்ஸ்டனுக்கும் தெரியும். ஆனால் அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“என்னவாம்?” என்றார் டோர்ஸ்டன்.

“சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் நீங்கள் ஒரு ஜெபம் சொல்ல வேண்டுமாம்” என்றேன். இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மழை. எங்கள் ஊரில் மழை என்றால் குடை பிடிப்போம். இங்கே மழை என்றால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தெருவில் தண்ணீர் முழங்காலை எட்டும் முன்பே எனக்கு மூழ்குவது போல இருந்தது.

தேவசகாயத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை உடைத்துப் பேசிவிடுவது என்று சோபாவில் உட்கார்ந்து வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். “சார், அவரு பேராயர் இல்லை. நெசமாவே பயிற்சியில இருக்கிறவரு. அந்த அம்மாதான் அவருக்கு மேலதிகாரி.”

மறுமுனையில் சிரிப்பு. “நீங்களும் அவங்களோட இருந்து இருந்து தாழ்மையைக் கத்துக்கிட்டீங்க சிஸ்டர். மனைவியைத் தனக்கு மேலன்னு சொல்றவன்தான் உண்மையான தேவமனுஷன்.” போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட விரல் போனது. போனதே தவிர அழுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கேட்காதது அவர் குற்றம் என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எலிசா நனைந்துகொண்டு வந்தார். அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை இடித்து, ஊர்க்கோடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். தலையைத் துவட்டிக்கொண்டே மீன் ஆய்ந்தார், ஆய்ந்துகொண்டே பேசினார்.

“வெள்ளக்கார பிஷப்பே வந்து எம்பொண்ணு தாலிய தொட்டுக் குடுக்கப்போறாரு. எனக்குத் தூக்கமே வர்ல மேடம். என் கல்யாணம் எப்டி தெரியுமா? சேரில ஜெபம் பண்ண ஒருத்தரு வருவாரு, பேண்டு சட்டைலாம் போட்டுக்கினு. அவருதான் பண்ணி வச்சாரு. ஊழியக்காரருன்னு நெனச்சோம். எங்கூட்டுக்காரரு செத்தப்புறம்தான் தெரிஞ்சிது, அந்தாளு பாஸ்டரே இல்லன்னு. எங்கூட்டுக்காரரு வேல செஞ்ச எடத்துல பணத்துக்குப் போயி நின்னா, ‘நீ யாரு?’ன்றாங்க. அவுங்க அண்ணன் தம்பிங்களும் அதியேதான் கேட்டாங்க. கைல கொயந்தய வச்சிக்கினு நான் யாருன்னு எனக்கே தெரில மேடம்.”

மீனைக் கழுவி எழுந்தார். “அதான் சொன்னேன். இவளுக்கு அந்த மாறி ஆவக் கூடாது. ஒயுங்கா, பெரிய ஆளு கையால நடக்கணும்னு. கர்த்தரு இம்மாம் பெரிய ஆளையே அனுப்பிட்டாரு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். எலிசாவும் நானும் மட்டும்தான் இருந்தோம், நடுவில் ஒரு சட்டி மீன். வாயைத் திறந்தேன். “மழை விடுமா?” என்றுதான் வந்தது.

சாயங்காலம் மழை ஓய்ந்ததும் உர்சுலா கடல் பார்க்க வேண்டும் என்றார். ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பக்கம் போய் நின்றோம். படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஈர வலைகள் மேல் காக்கைகள். ஒரு பெண் மீதமிருந்த சங்கரா மீனைக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். கடல் கறுத்துக் கிடந்தது. அலை வருமுன்பே நான் பின்வாங்கினேன்.

“உன் முகம் சரியில்லை. ஏதாவது தவறாக மொழிபெயர்த்துவிட்டாயா?” என்றார் உர்சுலா.

“சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்” என்றேன். அனுப்பிய கடிதத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதனால்தான் அது இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கோயில் நிரம்பியிருந்தது. வெளியே மறுபடி மழை. ஷாமியானாவுக்கு அடியில் பிரியாணி தம்மில் இருந்தது. ஜெனி வெள்ளைப் பட்டுப் புடவையில், பயந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கி நின்றாள். அவளைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். எலிசா முன்வரிசையில் மயில்கழுத்து நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தார்.

டோர்ஸ்டன் பயிற்சியில் இருப்பவர்களும் போடும் கறுப்பு அங்கியை அணிந்து பீடத்தருகே நின்றார். கையில் ஒரு சிறு ஜெபம் எழுதிய தாள். பாடல் முடிந்ததும் தேவசகாயம் தாலி வைத்த தட்டை அவர் கையில் கொடுத்தார். “பேராயர் ஐயா திருமணத்தை நடத்தி வைப்பார்கள்” என்று மைக்கில் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

இந்த முறை எதையும் குறைக்கவில்லை. குறைக்க இனி இடமில்லை. டோர்ஸ்டனின் முகம் வெளுத்தது.

“எனக்கு அனுமதி இல்லை. நான் இன்னும் பட்டமேற்கவில்லை. இது கல்யாணம் ஆகாது என்று சொல்லுங்கள்.”

மைக்கை வாங்கி, வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன். தேவசகாயம் இரண்டு கைகளையும் உயர்த்தினார். “பார்த்தீங்களா சபையாரே! நான் தகுதியற்றவன்னு சொல்றார்! எப்பேர்ப்பட்ட தாழ்மை!”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை. சிலர் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன் மகிழ்கிறார்கள்?” என்று டோர்ஸ்டன் கேட்டார். அவர் கையிலிருந்த தட்டில் தாலி கிணுகிணுத்தது.

சொன்னவர் சொல்லிவிட்டார், கேட்டவர் கேட்டுவிட்டார். என் வேலை விதிப்படி அதோடு முடிந்துவிட்டது. இனி அங்கே பேசுவதாக இருந்தால் நானாகத்தான் பேச வேண்டும். மைக்கில் அதைப் பேசும் துணிச்சல் எனக்கு வரவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த எலிசாவை நோக்கி நடந்தேன். அத்தனை கண்களும் என் மேல் இருந்தன.

“எலிசா, இது தாழ்மை இல்லை. அவரு நெசமாவே பாஸ்டர் இல்லை. வேலை கத்துக்கிறவரு. அவரு நடத்தி வைச்சா ஜெனி கல்யாணம் செல்லாது. உங்களுக்கு நடந்தது மாதிரியே ஆயிடும்.”

எலிசா என்னையே பார்த்தார். அந்த முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்துபோனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

எலிசா எழுந்து போய் டோர்ஸ்டன் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். “சார், யாருக்கு உரிமை கீதோ அவுரு வரட்டும்” என்று தேவசகாயத்திடம் சொன்னார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். “கல்யாணம் நிக்கல. காத்துக்கினு கீது. எல்லாரும் குந்துங்க.”

தேவசகாயம் என்னிடம் வந்தார். “அப்ப அந்த அம்மா?”

“அவங்கதான் பெரியவங்க. இவரு அவங்க கீழ இருக்கிறவரு. மனைவி இல்லை.”

அந்த மனிதர் ஃப்ளெக்ஸ் இருந்த திசையைப் பார்த்தார். நான் உர்சுலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், ஃப்ளெக்ஸ், பேராயரம்மா, ரோஜா இதழ்கள் உட்பட. அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. “அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் கல்யாணம் நடத்த உரிமையுள்ள ஒரு போதகர் வேண்டும் என்றேன். “என்னாலும் முடியாது. இங்கே எனக்கு அந்த உரிமை கிடையாது” என்றார்.

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருந்தார். இன்னும் கல்யாணங்கள் நடத்தி வைப்பவர். போனை எடுக்கவில்லை. தேவசகாயம் யாரையும் அனுப்பவில்லை. கோட்டும் டையுமாகத் தானே ஸ்கூட்டரை உதைத்து மழைக்குள் போனார்.

அந்தக் காத்திருப்பை நினைத்தால் இப்போதும் என் கை குளிர்கிறது. மின்விசிறிகள் நின்று நின்று சுழன்றன. மாப்பிள்ளையின் தாயார் முணுமுணுப்பை விட்டு உரக்கவே பேசினார். “எவ்ளோ நேரம்? வெள்ளக்காரரு செஞ்சா இன்னா கொறஞ்சுப்புடும்? ஆள் வர்லன்னா நாங்க கெளம்பறோம்.” அவர்கள் பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஜெனி அழவில்லை, ஆனால் பீடத்துப் படியில் உட்கார்ந்து பூச்செண்டின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்கு ஒரே காரணம் நான்தான். ஊமையாக இருந்த நாட்களுக்கும் சேர்த்து.

பிரபு தன் தாயாரைப் பார்த்தான். மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலியை விட்டு எழுந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நேராகப் போய் பீடத்துப் படியில் ஜெனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “நான் எங்கயும் போல. ஷூட்டிங்ல ஒரு லைட்டுக்கே அரை நாளு காத்துக்கினு இருப்பேன்” என்றான். ஜெனி முதல்முறையாகச் சிரித்தாள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

டோர்ஸ்டன் மேடையிலிருந்து இறங்கி, கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கிக்கொண்டார். பார்ப்பதற்கு ரயில் ஏதும் இல்லை, பாவம்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது பாதிச் சபை வாசலுக்கு ஓடியது. பின்சீட்டில் ஒல்லியான கிழவர், முழங்கால் வரை மடித்த கால்சட்டை, நெஞ்சோடு அணைத்த பாலிதீன் பையில் வெள்ளை அங்கி. தேவசகாயத்தின் டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியவர் தலையைத் துடைத்துக்கொண்டே, “பேராயர்னாங்களே, எங்க அவர்?” என்று கேட்டார்.

டோர்ஸ்டன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து என் வழியாகச் சொன்னார்: “நான் பேராயர் இல்லை. பயிற்சியில் இருக்கிறேன். ஒருமுறை பரீட்சையில் தோற்றிருக்கிறேன்.” இந்த முறை யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் நம்பினார்கள்.

“நான் ரெண்டு தடவை” என்றார் பெரியவர், அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே.

கல்யாணம் நடந்தது. பெரியவர் தாலியை எடுத்துக் கொடுத்தார், பிரபு கட்டினான். கையெழுத்துகள் ஆயின. ஆசீர்வாதம் சொல்லும்போது பெரியவர் இரு கைகளையும் உயர்த்தினார். பட்டமேற்காதவர் பிறர் தலைமேல் கை உயர்த்துவதில்லை என்பது எங்கள் ஊர்ச் சபை வழக்கம். டோர்ஸ்டன் ஜனங்களோடு ஜனமாக மண்டியிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் உர்சுலா.

பந்தியில் யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் நின்றேன். தேவசகாயம் ஈரக் கோட்டோடு உர்சுலாவுக்கு ஜரிகைச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார். எலிசா கரண்டியோடு என்னிடம் வந்தார்.

“ஒனக்கு எப்போ தெரியும் மேடம்?”

பொய் சொல்ல நினைத்தேன். பயத்தில் அதுவும் வரவில்லை. “வந்த அன்னிக்கே.”

எலிசா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

“என் கல்யாணத்துலயும் அந்தாளு பாஸ்டர் இல்லன்னு தெரிஞ்சவங்க நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்களாம். அப்பறமா அவுங்களே சொன்னாங்க. நல்ல ஜனங்கதான். நல்ல நாளும் அதுவுமா நம்ம எதுக்கு வாயத் தெறக்கணும்னு உட்டுட்டாங்களாம்.” கரண்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “நீ தெறந்த. லேட்டாதான் தெறந்த. வா, வந்து சாப்டு.”

இலை போட்டு என்னை உட்கார வைத்து அவரே பரிமாறினார். பிரியாணி ஆறிப்போயிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.